வாகன உதிரிபாக வார்ப்புகள்: தரத்தை உயர்த்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிப் பாகம் செய்யும் ஃபவுண்டரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மெஷின் ஷாப்பிலிருந்து திட்டு வாங்கி வரும் சூப்பர்வைசர்கள், புது மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கும் முதலாளிகள் எனப் பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. இரும்பு, அலுமினியம் இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிட்டு, தனித்தனியானதைப் பின்னால் சொல்கிறேன்.

ரிஜெக்‌ஷன் கூடிக்கொண்டே போகிறது. முதலில் எங்கே கை வைப்பது?

ரிஜெக்ட் ஆன வார்ப்பை அறுத்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் இது நடப்பதே இல்லை. "ப்ளோ ஹோல்" (காற்றுத் துளை) என்று பெயின்டால் எழுதி ஓரமாகப் போடுகிறார்கள். மறுநாள் அது உலைக்குள் போய் உருகிவிடுகிறது. இருந்த ஒரே சாட்சியும் அதோடு போச்சு.

ஒரு பம்ப் ஹவுசிங்கோடு நாலு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். போல்ட் துளை போடும்போது உள்ளே ஓட்டை தெரியும். எல்லோரும் காற்றுதான் காரணம் என்றோம். வென்ட் (காற்று வெளியேறும் வழி) கூட்டினோம், மணலில் ஈரத்தைக் குறைத்தோம், கோரை (வார்ப்பின் உள்வெற்றிடத்தை உருவாக்கும் மணல் உருவம்) இன்னும் நன்றாகக் காயவைத்தோம். எதுவும் அசையவில்லை. கடைசியில் பேண்ட் சாவில் வைத்து அந்த இடத்தைக் குறுக்கே அறுத்து, எமரி தாளால் தேய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓட்டையின் உள்சுவர் வழவழப்பாக இல்லை. பெரணி இலை மாதிரி கிளை கிளையாக, சொரசொரவென்று இருந்தது. அது காற்று இல்லை, சுருக்கம். மூன்று சுவர்கள் வந்து சேரும் தடித்த இடம் கடைசியாக உறைகிறது. அதற்கு ஊட்ட அப்போது பக்கத்தில் திரவ உலோகம் இல்லை. அந்த இடத்தில் ஒரு "சில்" (சட்டென்று குளிர்விக்கும் உலோகத் துண்டு) வைத்ததும் பிரச்சினை அடங்கியது. அந்த நாலு மாதமும் நாங்கள் வேறொரு நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அறுத்துப் பார்ப்பதோடு இன்னொன்றும் செய்யுங்கள். பாகத்தின் வரைபடத்தை நகலெடுத்துச் சுவரில் ஒட்டி, குறை விழுந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு வாரத்தில் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் கோளாறு அநேகமாக வழிமுறையில் இருக்கிறது: ரன்னர் (உலோகம் ஓடும் வாய்க்கால்), ரைசர் (சுருங்கும் இடத்துக்கு உலோகம் ஊட்டும் தேக்கம்), கோர் வென்ட், பாகத்தின் வடிவம். அங்கும் இங்குமாகச் சிதறி விழுந்தால் உலோகத்தையோ மணலையோ சந்தேகப்படுங்கள். இதற்குச் செலவு ஒரு பேனா மட்டும்தான்.

காற்றால் வந்த துளை, சுருக்கத்தால் வந்த துளை: எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

காற்றால் வந்தது உருண்டையாக, உள்ளே பளபளப்பாக இருக்கும். பெரும்பாலும் மேற்பக்கமாக, மேல்தோலுக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருக்கும். ஷாட் பிளாஸ்ட் (எஃகு மணிகளை வீசிச் சுத்தம் செய்வது) அடித்த பிறகோ முதல் கட் எடுத்த பிறகோதான் கண்ணில் படும். சுருக்கத் துளைக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது. உள்சுவர் கரடுமுரடாக இருக்கும். தடித்த இடங்களின் நடுவிலும், சுவர்கள் சந்திக்கும் மூலைகளிலும் இருக்கும்.

இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அலுமினியத்தில் இது சகஜம். உறையும்போது வெளியேறும் ஹைட்ரஜன், சுருக்கத்தால் உண்டான இடைவெளியில் புகுந்து அதைப் பெரிதாக்கும். அப்போது வாயு நீக்கத்தைச் சரிசெய்தாலும் பாதிதான் குறையும். மீதிப் பாதிக்கு ஊட்டத்தைப் பார்க்க வேண்டும்.

துளைக்குள் மணல் ஒட்டியிருந்தால் அச்சு இடிந்திருக்கிறது, அல்லது ரன்னர் அரித்திருக்கிறது. கண்ணாடி மாதிரிக் கறுப்புத் துணுக்கு இருந்தால் கசடு. ஆறிய உலோகங்கள் இரண்டு பக்கமிருந்து வந்து ஒட்டாமல் நின்ற கோடு தெரிந்தால் கோல்ட் ஷட்.

எந்தப் பாகத்துக்கு எந்த வார்ப்பு முறை?

பிரேக் டிஸ்க், பிரேக் டிரம், ஃப்ளைவீல், பல எஞ்சின் பிளாக்குகள் போன்றவற்றுக்குச் சாம்பல் வார்ப்பிரும்பும் பச்சை மணல் அச்சும் இன்னும் அசைக்க முடியாத ஜோடி. அதிர்வை உள்வாங்குவதிலும் வெப்பத்தைக் கடத்துவதிலும் அந்த இரும்பு நன்றாகவே வேலை செய்கிறது. ஸ்டீயரிங் நக்கிள், டிஃபரென்ஷியல் கேஸ், பல கிராங்க் ஷாஃப்ட்டுகள் உருண்டைக் கிராஃபைட் இரும்பில் வருகின்றன. சிலிண்டர் ஹெட்டும் பிஸ்டனும் அலுமினியத்தில், நிரந்தர அச்சில் ஈர்ப்பு விசையால் ஊற்றப்படுகின்றன. அலுமினிய வீல்களில் பெரும்பகுதி குறைந்த அழுத்த வார்ப்பு. கியர்பாக்ஸ் ஹவுசிங், கிளட்ச் ஹவுசிங் மாதிரி மெல்லிய சுவரும் பெரிய எண்ணிக்கையும் சேர்ந்தால் உயர் அழுத்த டை காஸ்டிங் (டை எனும் உலோக அச்சில் அழுத்திப் பாய்ச்சுவது).

எண்ணிக்கை, சுவர்த் தடிப்பு, வெப்பச் சிகிச்சை வேண்டுமா, கசிவு கூடாதா ஆகிய நாலு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் முறை தானாக முடிவாகிவிடும்.

பச்சை மணலில் தினமும் எதைப் பார்க்க வேண்டும்?

பெயர்தான் பச்சை மணல், நிறம் கறுப்பு. சுடாத, ஈரமுள்ள மணல் என்பதால் அந்தப் பெயர். சிலிக்கா மணல், பெண்டோனைட் களிமண், தண்ணீர், நிலக்கரித் தூள் நான்கும் சேர்ந்தது. வாகன இரும்பு வார்ப்புகளுக்கு ஈரம் பொதுவாக 3 முதல் 4 சதவீதத்துக்குள் இருக்கும்.

ஈரத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். களிமண் கூடினால் அதே ஈரத்தில் மணல் வறண்டதாக நடந்துகொள்ளும். அதனால் கம்பாக்டபிலிட்டியை (அமுக்கும்போது மணலின் உயரம் எவ்வளவு குறைகிறது என்ற அளவு) பிடித்துக்கொள்ளுங்கள். மெஷின் மோல்டிங்கில் பல இடங்களில் 35 முதல் 45 சதவீதத்துக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். உங்கள் மெஷினுக்கு ஒத்துவரும் எண்ணைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் ஆடவிடாதீர்கள். செயல்படும் களிமண் எவ்வளவு என்று மெத்திலீன் புளூ சோதனை சொல்லும். எரிந்துபோன களிமண் வெறும் தூசியாகத் தங்கி, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வலிமை எதுவும் தராது. அதைத் தூசி உறிஞ்சியில் எடுத்துவிட்டுப் புதிய பெண்டோனைட் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பலர் கோட்டை விடுவது மணலின் சூட்டில். கையில் அள்ளினால் சுடுகிற மணலில் அச்சு எடுக்காதீர்கள். 40 டிகிரிக்குக் கீழே வர வேண்டும். சூடான மணல் மிக்சரிலிருந்து மோல்டிங் மெஷினுக்குப் போவதற்குள்ளேயே ஈரத்தை இழந்துவிடும். லேபில் எடுத்த ரீடிங் ஒன்று, அச்சில் இருப்பது இன்னொன்று. போதாததற்கு பேட்டர்ன் (அச்சு எடுக்கும் மாதிரி உருவம்) தட்டில் ஈரம் படிந்து மணல் ஒட்டும், அச்சு முனைகள் பிய்யும். காலையில் நன்றாக ஓடும் லைன் மாலையில் கெடுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் தெர்மாமீட்டரைத்தான் கேட்பேன். மணல் குளிர்விப்பான் வாங்க வசதி இல்லாவிட்டால், மணலின் மொத்த அளவைக் கூட்டி அது சுற்றி வரும் நேரத்தை நீட்டுங்கள். கனமான வார்ப்புகளை ஒரே ஷிப்டில் அடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். சிலிக்கா 573 டிகிரியில் படிக வடிவம் மாறித் திடீரென்று விரியும். அச்சின் தோல் உரிவதற்கும், கோரில் விரிசல் விட்டு வார்ப்பில் நரம்பு மாதிரிக் கோடு விழுவதற்கும் அதுவே காரணம். கோர் மணலில் அளவுகள் கலந்த பரவலும், தேவையான இடத்தில் குரோமைட் மணலும் உதவும்.

ரன்னர், கேட் (அச்சுக்குள் உலோகம் நுழையும் வாய்) வடிவத்தால் அவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும். என்னைக் கேட்டால் வார்ப்பில் மிகவும் குறைவாக மதிக்கப்படும் விஷயம் இது.

திரவ உலோகத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கும். உலோகம் அமைதியாக ஏறினால் அந்தத் தோல் மேலேயே இருந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். குதித்துக் கொப்பளித்தால் தோல் மடிந்து உள்ளே போகும். மடிந்த இரண்டு உலர்ந்த பக்கங்களும் ஒட்டாது. அது வார்ப்புக்குள் ஒரு விரிசல்போலவே கிடக்கும். அலுமினியத்துக்கு இந்த எல்லை சுமார் நொடிக்கு அரை மீட்டர். கேட் வழியாக அதைவிட வேகமாக நுழைந்தால் மேற்பரப்பு உடையும்.

அரை மீட்டர் வேகம் வர உலோகம் எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும் என்று கணக்குப் போட்டால் சுமார் 13 மில்லிமீட்டர்தான் வருகிறது. ஒரு விரலின் அகலம். நீங்கள் 200 மில்லிமீட்டர் உயர ஸ்ப்ரூவில் (உலோகம் இறங்கும் செங்குத்துக் குழாய்) ஊற்றுகிறீர்கள், அடியில் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தொடும். ஆக, உலோகம் கீழே வந்து சேரும்போதே எல்லை மீறியாயிற்று. வேகத்தைக் கேட்டுக்கு வருவதற்குள் குறைப்பதுதான் கேட்டிங் அமைப்பின் வேலை.

அதற்கு ஸ்ப்ரூ கீழ்நோக்கிக் குறுக வேண்டும். விழும் நீர்த்தாரை கீழே போகப்போக மெலிவதைக் குழாயடியில் பார்த்திருப்பீர்கள். உலோகமும் அப்படித்தான். நேரான குழாயில் விழுந்தால் தாரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று நுழைந்து உள்ளே இழுபடும். பேசினில் (மேலே ஊற்றும் கிண்ணம்) 50 மில்லிமீட்டர் உயரமும் அடிவரை மொத்தம் 250 மில்லிமீட்டரும் இருந்தால், அடிப்பரப்பு மேற்பரப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, சுமார் 45 சதவீதமாக இருக்க வேண்டும். மோல்டிங் மெஷினில் பேட்டர்ன் உருவ வசதியாகப் பல இடங்களில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். குறுக்க வழியே இல்லை என்றால் ரன்னரில் பீங்கான் ஃபில்டரைப் போட்டு அங்கே கழுத்தைப் பிடியுங்கள். ஃபில்டர் கசடைப் பிடிப்பதைவிட வேகத்தை அடக்குவதுதான் பெரிய உபகாரம்.

முதலில் வரும் உலோகம் குளிர்ந்தது, அழுக்கானது. ரன்னரைக் கடைசி கேட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிவிட்டால் அது அங்கே போய் அடங்கும். அப்புறம், ஊற்றுபவர் பேசினை எப்போதும் நிறைத்தே வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நொடி கை தளர்ந்தாலும் காற்று உள்ளே போகும்.

ரைசர் அளவை எப்படித் தீர்மானிப்பது? பெரிதாக வைத்தால் பாதுகாப்புதானே?

பெரிய ரைசர் பாதுகாப்பு மாதிரித் தெரியும், ஆனால் அதற்கும் சேர்த்து மின்சாரம் கட்டுகிறீர்கள். 1940இல் செக் பொறியாளர் ச்வோரினோவ் சொன்ன விதி இன்றும் அடிப்படை. உறையும் நேரம், கனஅளவைப் பரப்பால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தோடு ஏறும். அந்த எண்ணை மாடுலஸ் என்கிறோம். தடிப்பு இரண்டு மடங்கானால் உறைய நாலு மடங்கு நேரம்.

20 மில்லிமீட்டர் தடிப்புள்ள அகலமான தட்டுக்கு மாடுலஸ் சுமார் 10 மில்லிமீட்டர். ரைசர் அதைவிடத் தாமதமாக உறைய வேண்டும், 1.2 மடங்கு எடுத்தால் 12. உயரமும் விட்டமும் சமமான உருளைக்கு மாடுலஸ் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. அப்படியானால் 72 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். அதே ரைசருக்கு வெப்பம் காக்கும் ஸ்லீவ் (உறை) போட்டு மாடுலஸை 1.3 மடங்கு உயர்த்தினால் 55 மில்லிமீட்டர் போதும். எடை பாதிக்கும் கீழே வந்துவிடும்.

இது எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நேராகப் பொருந்தும். இரும்பில் கிராஃபைட் படியும்போது உலோகம் விரிந்து, சுருக்கத்தின் ஒரு பகுதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். அந்த விரிவை அச்சு தாங்கி நிற்க வேண்டும். மணல் தளர்வாக இருந்தால் அச்சுச் சுவர் பின்வாங்கும், வார்ப்பு வீங்கும், நடுவில் ஓட்டை விழும். அதனால் உருண்டைக் கிராஃபைட் இரும்பில் சுருக்கம் வந்தால், ரைசரைப் பெரிதாக்கும் முன் அச்சின் கடினத்தை அளந்து பாருங்கள்.

யீல்டை உயர்த்தினால் எவ்வளவு மிச்சமாகும்?

யீல்டு (உருக்கியதில் நல்ல வார்ப்பாக வரும் பங்கு) 55 சதவீதமாக இருந்தால் ஒரு டன் நல்ல வார்ப்புக்கு 1.82 டன் உருக்க வேண்டும். 65 ஆனால் 1.54 டன். ஒரு டன் இரும்பை உருக்க 600 யூனிட் என்று வைத்தால், ஒவ்வொரு டன் வார்ப்புக்கும் சுமார் 170 யூனிட் மிச்சம். உலை மூடியைத் திறந்தே வைத்திருக்கும் பழக்கத்தை விட்டாலும் கணிசமாகக் குறையும்.

உருண்டைக் கிராஃபைட் இரும்பில் ஒரு பெட்டி (அச்சு) நன்றாக வருகிறது, அடுத்த பெட்டி கெடுகிறது. ஏன்?

பெரும்பாலும் நேரம். கிராஃபைட்டை உருண்டையாக்குவது மெக்னீசியம். அது 1,090 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், இரும்போ 1,450க்கு மேல் நிற்கிறது. அதனால் லேடிலில் (உருகிய உலோகத்தை ஏந்தும் பாத்திரம்) சேர்த்த நொடியிலிருந்தே அது ஆவியாகவும் கசடாகவும் போய்க்கொண்டே இருக்கும். வார்ப்பில் மீந்து நிற்க வேண்டியது சுமார் 0.035 முதல் 0.05 சதவீதம். குறைந்தால் உருண்டை சிதைந்து புழு வடிவமாகும். கூடினால் கார்பைடும் சுருக்கமும் கசடும் கூடும். "கொஞ்சம் அதிகமாகப் போட்டுவைப்போம்" என்பது இங்கே செல்லாது.

மெக்னீசியம் சேர்த்ததிலிருந்து கடைசி அச்சு ஊற்றி முடிக்கும் வரை 10 நிமிடத்துக்குள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். லேடில் பக்கத்தில் ஒரு பெரிய கடிகாரம் வையுங்கள். நேரம் தாண்டினால் மீதியைத் தயங்காமல் வெறும் கட்டிகளாக ஊற்றிவிட வேண்டும். தரச் சோதனைக்கான மாதிரியை அந்த லேடிலின் கடைசி அச்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதல் அச்சில் எடுத்த மாதிரி எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

அடிப்படை இரும்பில் கந்தகம் 0.015 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. கூடினால் மெக்னீசியத்தைக் கந்தகமே சாப்பிட்டுவிடும். லேடில் உயரமாக, ஒல்லியாக இருக்கட்டும், உயரம் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு. மெக்னீசியக் கலவையை அடிக்குழியில் வைத்து அதன் மேல் எஃகுத் துணுக்குகளைப் பரப்பி மூடினால், இரும்பு நிறைந்த பிறகே வினை தொடங்கும். மூடிபோட்ட டண்டிஷ் லேடில் இன்னும் நல்லது, வெளிச்சமும் புகையும் குறையும், மெக்னீசியம் அதிகமாகத் தங்கும்.

வார்ப்பைச் சுத்தியலால் தட்டிக் கேட்பது பழைய வழக்கம், கைவிட வேண்டாம். நல்ல உருண்டை இரும்பு கணீரென்று ஒலிக்கும், சாம்பல் இரும்பு மந்தமாக ஒலிக்கும். இதையே எண்ணாகச் சொல்வதுதான் அல்ட்ராசோனிக் வேகம். உருண்டை நன்றாக இருந்தால் ஒலி நொடிக்குச் சுமார் 5,500 மீட்டரும் அதற்கு மேலும் போகும். பிரேக், ஸ்டீயரிங் பாகங்களை நூற்றுக்கு நூறு இப்படிச் சோதிப்பதில் தயக்கமே வேண்டாம். அது ஒரு குடும்பம் உட்கார்ந்து போகும் வண்டி.

சாம்பல் இரும்பில் மெல்லிய ஓரங்கள் கல் மாதிரிக் கடினமாகி டூலை உடைக்கின்றன. என்ன செய்வது?

ஓரம் வேகமாக ஆறிக் கிராஃபைட் உருவாகாமல் வெள்ளை இரும்பாகிவிட்டது. இனாகுலேஷனை (கிராஃபைட் உருவாகத் தூண்டும் சேர்க்கை) கவனியுங்கள். ஃபெர்ரோசிலிக்கானை லேடிலில் போடுவதோடு நிறுத்தாமல், ஊற்றும் தாரையிலும் 0.1 சதவீத அளவில் தூவினால் பலன் தெளிவாகத் தெரியும். அதன் வீரியமும் நிமிடங்களில் மங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்டக்‌ஷன் உலையில் எஃகுத் துணுக்கை அதிகமாகப் போடுபவர்கள் கந்தகத்தைப் பாருங்கள். 0.05 சதவீதத்துக்குக் கீழே போனால் சாம்பல் இரும்பில் இனாகுலேஷனே சரியாகப் பிடிக்காது. உருண்டை இரும்புக்கு எதிரியான கந்தகம் இங்கே தேவைப்படுகிறது. மாங்கனீசைக் கந்தகத்தின் 1.7 மடங்கோடு 0.3 கூட்டி வைப்பது பழைய கணக்கு. வெட்ஜ் (ஆப்பு வடிவ) சோதனைத் துண்டை உடைத்து வெள்ளை ஆழத்தைப் பார்க்க ஓரிரு நிமிடம்கூட ஆகாது, ஒவ்வொரு லேடிலுக்கும் செய்யலாம்.

அலுமினியத்தில் வாயு நீக்கம் செய்தும் பின் ஹோல் (ஊசித் துளை) வருகிறதே?

திரவ அலுமினியம் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருக்கும். உறைந்ததும் அந்தத் தாங்குதிறன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மீதி குமிழியாகத்தான் வெளியே வரும். ஹைட்ரஜன் வருவது ஈரத்திலிருந்து: எண்ணெய் பட்ட துணுக்கு, காயாத கருவி, புதிதாகப் பூச்சு அடித்த கரண்டி, மழைக்கால ஈரக்காற்று. வெப்பநிலையைத் தேவைக்கு மேல் ஏற்றுவதும் ஒரு காரணம். 750ஐத் தாண்டவிடாதீர்கள்.

சுழலும் ரோட்டர் வழியாக ஆர்கானோ நைட்ரஜனோ விடுவது சரியான முறை. ஆனால் ரோட்டர் தேய்ந்துபோனால் பொடிப்பொடியான குமிழிக்குப் பதிலாகப் பெரிய குமிழிகள் வரும், அவை விறுவிறுவென்று மேலேறிவிடும். மேற்பரப்பில் நடுவே சுழி விழுந்தால் வெளிக்காற்றையே உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம். தடுப்புத் தகடு வையுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

செய்தோமா இல்லையா என்பதை நிமிடக் கணக்கில் எழுதாமல் அளந்து எழுதுங்கள். ஒரே உலோகத்தில் இரண்டு சிறு மாதிரிகள்: ஒன்று சாதாரணக் காற்றில், மற்றது வெற்றிடத்தில் உறையட்டும். இரண்டின் அடர்த்தியையும் பார்த்தால் வித்தியாசம் சதவீதமாக வரும். அந்த எண் இறங்கிய பிறகே ஊற்ற வேண்டும். மாதிரியை அறுத்தும் பாருங்கள். உள்ளே உருண்டையாக இல்லாமல் கிழிந்த மாதிரித் துளைகள் இருந்தால், ஹைட்ரஜனைவிட ஆக்சைடு தோல்தான் அதிகம். அப்போது உலோகத்தை உயரத்திலிருந்து கொட்டி மாற்றும் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

உயர் அழுத்த டை காஸ்டிங்கில் எந்த அளவுகள் முக்கியம்?

அலுமினியத்துக்குக் கேட் வேகம் பொதுவாக நொடிக்கு 30 முதல் 50 மீட்டர். அச்சு நிரம்புவது ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில். மணல் வார்ப்பில் அரை மீட்டருக்குப் பயந்த நாம் இங்கே நூறு மடங்கு வேகத்தில் பாய்ச்சுகிறோம். அதனால் இங்கே தத்துவமே வேறு. காற்றை முன்கூட்டியே வெளியேற்ற வேண்டும், மீந்ததைப் பெரும் அழுத்தத்தில் நசுக்க வேண்டும்.

பிளஞ்சரின் (உலோகத்தைத் தள்ளும் தண்டு) முதல் கட்ட மெது வேகத்தில்தான் பாதிச் சூட்சுமம். மிக மெதுவாகப் போனால் அலை எதிரொலித்துத் திரும்பி வந்து காற்றை மடக்கும், வேகமாகப் போனால் அலை முன்னால் சுருண்டு விழும். சரியான வேகம் ஸ்லீவ் (பிளஞ்சர் ஓடும் உருளை) விட்டத்தையும் அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஸ்லீவ் மூன்றில் ஒரு பங்கே நிரம்பினால் மீதி எல்லாம் காற்று, சிறிய ஸ்லீவுக்கு மாற முடியுமா என்று பாருங்கள்.

பிஸ்கட் (ஸ்லீவ் முனையில் மீந்து உறையும் வட்டு) தடிப்பை ஒவ்வொரு ஷாட்டிலும் கவனியுங்கள். அது மெலிந்தால் கடைசி அழுத்தம் வார்ப்புக்குள் போய்ச் சேராது. அதிகமாகத் தெளித்த டை ஸ்ப்ரே ஆவியாகித் துளையாகும். டை மேற்பரப்பு 180 முதல் 250 டிகிரிக்குள் நிற்க உள்ளே ஓடும் தண்ணீரும் எண்ணெயும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ப்ரேயை வைத்து டையைக் குளிர்விக்கும் பழக்கம் டையின் ஆயுளையே தின்றுவிடும்.

டை காஸ்டிங் பாகத்துக்கு வெப்பச் சிகிச்சை தரலாமா?

சாதாரண முறையில் வந்ததற்குத் தர முடியாது. உள்ளே சிக்கிய காற்று 500 டிகிரியில் விரிந்து தோலில் கொப்புளம் போடும். நல்ல வெற்றிடத்தில் ஊற்றினால் தரலாம். டெஸ்லா மாடல் ஒய் காரின் பின்பக்க அடித்தளத்தை மாபெரும் மெஷினில் ஒரே வார்ப்பாக எடுத்தபோது, வெப்பச் சிகிச்சையே தேவைப்படாத கலவையைப் பயன்படுத்தினார்கள். அவ்வளவு பெரிய பாகத்தைச் சுட்டுத் தண்ணீரில் முக்கினால் வளைந்துவிடும்.

ஏடிசி12 மாதிரி டை காஸ்டிங் அலுமினியக் கலவைகளில் இரும்பு ஒரு சதவீதத்தை ஒட்டி இருப்பது, அலுமினியம் டையில் ஒட்டாமல் இருக்கத்தான். அதே இரும்பு உள்ளே ஊசி ஊசியாகப் படிந்து, வளையும் தன்மையைக் கெடுக்கிறது. விபத்தில் நசுங்கித் தாங்க வேண்டிய பாகங்களில் இரும்பைக் குறைத்து, ஒட்டாமல் காக்கும் வேலையை மாங்கனீசுக்குக் கொடுக்கிறார்கள்.

சிமுலேஷன் மென்பொருள் வாங்கினால் பிரச்சினை தீருமா?

மாக்மாசாஃப்ட், புரோகாஸ்ட் போன்றவை நன்றாகவே வேலை செய்கின்றன. எங்கே கடைசியாக உறையும் என்பதை டூல் வெட்டும் முன்பே காட்டிவிடும். டூலைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் நியாயமான முதலீடு. ஆனால் நீங்கள் கொடுத்த வெப்பநிலைக்கும் ஊற்று நேரத்துக்கும்தான் அது பதில் சொல்லும். திரையில் 1,400 டிகிரி, லைனில் கடைசிப் பெட்டிக்கு 1,310 என்றால் அந்த வண்ணப் படத்துக்குப் பொருள் இல்லை. முதலில் பழைய பாகம் ஒன்றை ஓட்டி, அறுத்த துண்டோடு ஒப்பிட்டு, எங்கே ஒத்துப்போகிறது எங்கே விலகுகிறது என்று பழகிக்கொள்ளுங்கள்.

மணலை 3டி பிரிண்ட் செய்வது நமக்குப் பயன்படுமா?

மாதிரிப் பாகங்களுக்கும் சிக்கலான கோர்களுக்கும் அருமை. பேட்டர்ன் செய்யாமலே சில நாட்களில் வார்ப்பைக் கையில் எடுத்துவிடலாம். பெரிய எண்ணிக்கைக்கு இன்னும் கோர் ஷூட்டரின் (கோர் செய்யும் மெஷின்) வேகத்துக்கு ஈடாகாது.

பாதுகாப்புக்கும் தரத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஈரத் துணுக்கு அலுமினியத்தில் துளையாக வரும், இரும்பு உலையில் வெடியாக வரும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு பெருகும். மூடிய குழாய்த் துண்டும், மழையில் நனைந்த ஸ்கிராப்பும் திரவத்துக்கு அடியில் போனால் உலோகம் கூரைவரை தெறிக்கும். ஸ்கிராப்பைக் கூரைக்குக் கீழே வைத்து, பிரித்து, சூடேற்றிப் போடுவது தரத்துக்காகவும் உயிருக்காகவும்தான். உலையில் மேலே ஸ்கிராப் ஒட்டிப் பாலம் கட்டிவிட்டால் மின்சாரத்தைக் கூட்டி உருக்கப் பார்க்காதீர்கள். பாலத்துக்குக் கீழே உலோகம் கண்ணுக்குத் தெரியாமல் அளவுக்கு மீறிச் சூடாகி லைனிங்கைத் துளைக்கும். மின்சாரத்தை நிறுத்துங்கள், ஆட்களை அப்புறப்படுத்துங்கள், பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

மணல் தூசியும் அப்படித்தான். சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்ப எடுக்க வழியில்லை. தூசி உறிஞ்சியைச் சரியாக ஓட்டினால் மணலில் இறந்த களிமண்ணும் குறையும், ஆளும் பிழைப்பார்.

செய்த மாற்றம் பலித்ததா என்று எப்படி உறுதிசெய்வது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டரையும் ஊற்று வெப்பநிலையையும் சேர்த்து மாற்றி ரிஜெக்‌ஷன் குறைந்தால், எது காப்பாற்றியது என்று தெரியாது. ஆறு மாதம் கழித்து யாராவது செலவைக் குறைக்க ஃபில்டரை எடுப்பார், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பத்துப் பெட்டி நன்றாக வந்ததும் கொண்டாட வேண்டாம். ஐந்து சதவீத ரிஜெக்‌ஷன் இருக்கும் பாகத்தில், எதையுமே மாற்றாமல் விட்டாலும் தொடர்ந்து பத்து நல்ல வார்ப்பு வருவதற்கு அறுபது சதவீத வாய்ப்பு இருக்கிறது. சில நூறு வார்ப்புகளாவது, இரண்டு ஷிப்டிலும், வேறு வேறு ஆட்கள் ஊற்றி, மெஷின் ஷாப்வரை போய்த் திரும்பி வர வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு வார்ப்பிலும் தேதி, ஷிப்ட், கேவிட்டி (அச்சுக்குழி) எண் பதிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

பலித்தது உறுதியானதும் வழிமுறை அட்டையைத் திருத்துங்கள். பழைய பேட்டர்ன் தட்டை ஷாப்பிலிருந்து அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அது ரேக்கில் இருக்கும் வரைக்கும், என்றாவது ஒரு நாள் இரவு ஷிப்டில் யாரோ அதை எடுத்து மாட்டிவிடுவார்.